பொன்னுக்கு வீங்கி

எனக்கு ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கி, முகம் பூசணிக்காய் போல ஆகிவிட்டது. அப்போது ஸ்ரீரங்கத்தில் மேல உத்தர வீதியில் குடியிருந்தோம். பாட்டி யாரையும் கேட்கவில்லை. தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டாள். பொன்னைப் போட்டால் வீக்கம் வடியும். பேரிலேயே வைத்தியம் இருக்கிறதே! ஒரு வாரம் பள்ளிக்கூடம் கிடையாது, குழைந்த ரசஞ்சாதம், வாசற்படி தாண்டக்கூடாது. கடைசி விதி எனக்காக அல்ல, சங்கிலிக்காக. வாரக் கடைசியில் வீக்கம் வடிந்தது. வைரஸ் நோய், சங்கிலி இல்லாவிட்டாலும் வடிந்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் நகையோடு வெளியே விடாமல் பூட்டி வைத்ததில் தெருப் பிள்ளைகளுக்கு நோய் பரவாமல் போனது. அந்த அளவுக்குச் சங்கிலி வேலை செய்யத்தான் செய்தது.

இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் மம்ப்ஸ் என்று பெயர். அதே பெயரில் ஒரு கணினி மொழி உண்டு என்று முதலில் கேள்விப்பட்டபோது யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கேலி இல்லை. 1966, 1967 ஆண்டுகளில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஒரு மருத்துவமனைக்குள்ளேயே பிறந்த மொழி அது. முழுப்பெயர் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல் யுடிலிட்டி மல்ட்டி-ப்ரோக்ராமிங் சிஸ்டம். அதன் சுருக்கம்தான் மம்ப்ஸ். மருத்துவர்கள் நடுவே பிறந்த குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது.

இன்னொரு பொருத்தம் தற்செயலானது. 1963இல் மாரிஸ் ஹில்மேன் என்ற ஆய்வாளரின் மகள் ஜெரில் லின்னுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அப்பா மகளின் தொண்டையில் பஞ்சை ஒற்றியெடுத்து, அதிலிருந்த வைரஸை வளர்த்துத் தடுப்பூசி ஆக்கினார். அதற்கு அனுமதி கிடைத்ததும் 1967இல்தான். நோய்க்கு ஊசியும் அதன் பேரில் ஒரு மொழியும் ஒரே ஆண்டில். நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இன்றும் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான் இடம். பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. ஆகவே சங்கிலி வைத்தியத்துக்கு ஸ்ரீரங்கத்தில் இன்னும் வேலை இருக்கிறது.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். திருச்சியில் தில்லைநகர் பக்கம் போனால் 'மெடிக்கல் கோடிங்' பயிற்சிப் பலகைகளைப் பார்க்காமல் வர முடியாது. தாவரவியலும் விலங்கியலும் நுண்ணுயிரியலும் படித்த பிள்ளைகள் அங்கே சேர்கிறார்கள். அமெரிக்காவில் ஒருவர் மருத்துவமனைக்குப் போய் வந்தால், மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, எந்த நோய்க்கு எந்தக் குறியீடு என்று போட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலையில் ஒரு பகுதி நம் ஊர்களில் நடக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அந்த வேலையில்தான் இருக்கிறாள். சாயங்காலம் வேன் வந்து நிற்கும். காவிரிப் பாலம் தாண்டிப் போய்விட்டு விடிகாலையில் திரும்புவாள். அவள் வாயில் 'எபிக்' என்ற சொல் அடிக்கடி வரும். அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிக் கோப்பை வைத்திருக்கும் மென்பொருள் அது. அவள் பார்ப்பது வண்ணத் திரை. திரைக்கு அடியில் அந்தக் கோப்புகளை அடுக்கி வைத்திருப்பது, பாட்டியின் சங்கிலிக்குப் பணியாத அந்த மம்ப்ஸ்தான்.

அறுபது வயதை நெருங்கும் ஒரு மொழி ஏன் இன்னும் ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை? இதற்கு விடை கணினியில் இல்லை. என் அம்மாவின் மஞ்சள் பையில் இருக்கிறது.

அந்தப் பையை நான் ஒருமுறை கூடத்தில் கொட்டிப் பிரித்தேன். மருந்துச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், வெளிறிப்போய்க் கோடே தெரியாத இ.சி.ஜி. சுருள், எக்ஸ்ரே உறைகள், கண் மருத்துவர் தந்த அட்டை, யாரோ ஒரு மருத்துவர் மருந்துக் கம்பெனி நோட்டுத்தாளின் பின்புறம் கிறுக்கிக் கொடுத்தது. சர்க்கரைக்கு மட்டும் முப்பது, நாற்பது தாள். முழங்காலுக்கு இரண்டு. பல்லுக்கு ஒன்று. காதுக்கு ஒன்றுமே இல்லை. அம்மாவுக்குக் காது ஊசி விழும் சத்தத்தைக்கூட விடாது. நகரில் ஒரு தனியார் மருத்துவமனை அவளுக்கு மூன்று முறை மூன்று எண் கொடுத்திருந்தது. ஒருமுறை இனிஷியல் முன்னால், ஒருமுறை பின்னால், ஒருமுறை அப்பா பெயரே முழுதாக. அவர்கள் கணினியைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் மூன்று அம்மாக்கள்.

அந்தத் தாள்களை ஒரு கட்டம் போட்ட நோட்டில் ஏற்ற முயன்றேன். ஒரு வரிசைக்கு ஒரு தேதி, ஒரு பத்திக்கு ஒரு பரிசோதனை. முதல் பக்கத்திலேயே தோற்றுப்போனேன். பத்திகள் நோட்டைத் தாண்டி ஓடின. உள்ளே பார்த்தால் பத்தில் ஒன்பது கட்டம் காலி. ஒரு மருத்துவமனை ஒரு மனிதரிடம் கேட்கக்கூடிய கேள்விகள் ஆயிரக்கணக்கில் உண்டு. எந்த ஒரு மனிதரிடமும் அதில் சில டஜன் கேள்விகளுக்குத்தான் பதில் இருக்கும். அந்தச் சில டஜனும் ஆளுக்கு ஆள் வேறு. நாளைக்கு என்ன புதுப் பரிசோதனை வரும் என்பதை இன்று யாரும் சொல்ல முடியாது.

மருத்துவமனைக் கணக்கு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அரங்கன் கோயிலுக்குள் தன்வந்திரிக்கு ஒரு சன்னிதி உண்டு. கோயிலை ஒட்டி நடந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. அதற்கும் முன்பே, காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இன்னும் விரிவாகப் பேசும். ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையில் படுக்கை 15, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆள், செவிலிப் பெண்கள், இவர்களுக்கு ஆண்டுக்கு எத்தனை கலம் நெல், இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகள் எவை எவை என்று அத்தனையும் கல்லில் இருக்கும். தசமூல ஹரீதகி, வாஸா ஹரீதகி என்று மருந்துப் பெயர்களைப் படிக்கும்போதே கசக்கும்.

அந்தக் கல்வெட்டில் இல்லாதவர் நோயாளி. பதினைந்து படுக்கையிலும் யார் படுத்தார், எத்தனை நாள் காய்ச்சல் அடித்தது, எழுந்து போனாரா என்று ஒரு வரி இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. படுக்கை, சம்பளம், மருந்து எல்லாம் முன்கூட்டியே எண்ணக்கூடியவை. அவற்றைக் கல்லில் வெட்டலாம், கட்டத்தில் அடைக்கலாம். நோயாளியை முன்கூட்டி எண்ண முடியாது. கணினி வந்த புதிதிலும் மருத்துவமனைகள் அதைச் சம்பளப் பட்டியலுக்கும் பில்லுக்கும்தான் பயன்படுத்தின. நோயாளி அப்போதும் வெளியேதான் நின்றார்.

அவரை உள்ளே கொண்டுவர மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1960களின் தொடக்கத்தில் ஒரு முயற்சி நடந்தது. 1846இல் ஈத்தர் மயக்கத்தில் வலியில்லாமல் அறுவை செய்ய முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய அதே மருத்துவமனை. போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் என்ற பெயர்பெற்ற நிறுவனம், பல முனையங்கள் ஒரே நேரத்தில் பேசக்கூடிய பி.டி.பி-1 கணினியில் மருத்துவமனைக்கான அமைப்பை எழுதிக்கொண்டிருந்தது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் பணம் கொடுத்தன. வேலை இயந்திர மொழியை ஒட்டிய அசெம்பிளியில் நடந்தது. ஒரு வார்டில் படிவத்தை ஒரு வரி மாற்றச் சொன்னால், நிரலாளர் அடிமட்டம் வரை தோண்டிவிட்டு வரவேண்டும். மருத்துவமனையிலோ படிவம் வாரத்துக்கு ஒருமுறை மாறும்.

அங்கே கணினி ஆய்வகத்தை நடத்தியவர் ஆக்டோ பார்னெட், இதய மருத்துவர். அவர் கூடத்தில் மூன்று இளைஞர்கள்: எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் முடித்த நீல் பப்பலார்டோ, கர்ட் மார்பிள், மருத்துவமும் கணினியும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் கிரீன்ஸ். நிறுவனத்தின் பெரிய திட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்க, இவர்கள் சத்தம் போடாமல், கையில் கிடைத்த ஒரு பி.டி.பி-7 கணினியில் தங்களுக்குத் தோன்றியதை எழுதத் தொடங்கினார்கள். ரேண்ட் நிறுவனத்தில் பிறந்த ஜாஸ் என்ற எளிய மொழியின் சாயலை எடுத்துக்கொண்டார்கள். ஓட்டிக் காட்டியதும் பார்னெட்டுக்குப் பிடித்துவிட்டது. 1967இல் நிதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்தபோது, இனி எல்லாம் இந்தப் பிள்ளைகளின் மொழியில்தான் என்று எழுதிவிட்டார். ஓர் ஆய்வகத் தலைவர் இப்படிப் பந்தயம் கட்டுவது அன்றும் அரிது.

பி.டி.பி-7 எப்படிப்பட்ட இயந்திரம் என்பதைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். அடிப்படை மாதிரியில் நினைவகம் 4,096 சொற்கள், ஒவ்வொன்றும் 18 பிட். இன்றைய கணக்கில் 9 கிலோபைட். வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வரும் ரோஜாப்பூ அதைவிடப் பல மடங்கு கனம். மேலும் நினைவகம் வாங்கிச் சேர்க்கலாம். ஆனாலும் அதுவும் கைப்பிடிச் சோறுதான். அதில் இயங்குதளமும் மொழியும் தரவும் குடியிருக்க வேண்டும், பல வார்டுகளிலிருந்து பலர் ஒரே நேரத்தில் தட்டவும் வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்ததும் இதே மாதிரி ஒரு பி.டி.பி-7இல். ஏழை வீட்டுத் தொட்டில் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்த ஏழ்மை மொழியின் முகத்திலேயே தெரியும். ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளையும் ஓரெழுத்தாகச் சுருக்கலாம். 'செட்' என்பதற்கு எஸ், 'ரைட்' என்பதற்கு டபிள்யூ, 'டூ' என்பதற்கு டி. இடைவெளி விட்டால்கூட அதற்குப் பொருள் உண்டு. ஒன்று விடவேண்டிய இடத்தில் இரண்டு விட்டால் பொருள் மாறும். நிரல் எழுத்து வடிவிலேயே நினைவகத்தில் உட்கார்ந்திருந்ததால் ஒவ்வொரு எழுத்தும் இடம், இடம் காசு. முப்பது ஆண்டுக்கு முன் தந்தி கொடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கனம் புரியும். பிற்காலத்தில் வந்தவர்கள் இந்த நிரலைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நியாயம்தான். வேறொருவர் எழுதிய மம்ப்ஸ் நிரலைப் படிப்பது, வேறொரு மருத்துவரின் மருந்துச் சீட்டைப் படிப்பது போல.

கணக்கிலும் குணம் வேறு. இரண்டுடன் மூன்றைக் கூட்டு, நான்கால் பெருக்கு என்று எழுதினால் பள்ளிக்கூடத்தில் 14 வரும். பெருக்கலை முதலில் செய்யச் சொல்லித்தான் அடித்துப் படிக்கவைத்தார்கள். மம்ப்ஸ் இடமிருந்து வலமாகப் போகும். 20 என்று சொல்லும். எந்தக் குறிக்கும் முன்னுரிமை கிடையாது, எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும்.

கட்டளைப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. அழிக்க 'கில்'. சில நொடி காத்திருக்க 'ஹேங்'. ஒரு சரத்தையே நிரலாக எடுத்து ஓட்ட 'எக்ஸிக்யூட்'. உயிரைக் காப்பாற்றும் இடத்தில் எழுதிய மொழி, படித்தால் மத்தியச் சிறைக் கையேடு மாதிரி இருக்கும்.

இதெல்லாம் மேல்தோல். உள்ளே இருப்பதுதான் அதன் உயிர். இந்த மொழியில் ஒரு பெயருக்கு முன்னால் ^ என்ற சின்னத் தொப்பியை வைத்துவிட்டால், அந்தப் பெயரில் போட்ட எதுவும் வட்டில் போய்ப் பதிந்துகொள்ளும். தொப்பி இல்லையென்றால் வேலை முடிந்ததும் மறந்துபோகும். அவ்வளவுதான் வித்தியாசம். கோப்பைத் திற, படி, எழுது, மூடு என்று மற்ற மொழிகளில் செய்யும் சடங்கு எதுவும் இல்லை. தொப்பி வைத்ததற்கு 'குளோபல்' என்று பெயர், எல்லா முனையத்துக்கும் பொது என்பதால்.

அந்தக் குளோபலின் வடிவம் கட்டம் அல்ல, மரம். எங்கள் ஊர் முகவரியை வைத்துச் சொல்கிறேன். இயந்திரம் ரோமன் எழுத்தைத்தான் வாங்கும். நான் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

எஸ் ^ஸ்ரீரங்கம்("சித்திரை வீதி","கீழ",27)="ரங்கராஜன்"

ஊர், அதற்குள் வீதி, அதற்குள் திசை, அதற்குள் கதவு எண், அங்கே குடியிருப்பவர். இருபத்தேழுக்கு அடுத்த வீடு முப்பத்தொன்று என்றால் நடுவிலுள்ள மூன்று எண்ணுக்கு இடம் ஒதுக்கத் தேவையில்லை. இருக்கும் வீட்டுக்கு மட்டும்தான் மரத்தில் கிளை. நாளைக்கு இருபத்தேழில் மாடி எடுத்துக் குடித்தனம் வைத்தால், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு கிளை கூடும்:

எஸ் ^ஸ்ரீரங்கம்("சித்திரை வீதி","கீழ",27,"மாடி")="கோமதி"

முழு ஊரையும் அதற்காகத் திருப்பி அளக்க வேண்டாம். அம்மாவின் பையையும் இப்படி எழுதலாம். அம்மா, அதற்குக் கீழ் சர்க்கரை, அதற்குக் கீழ் தேதி, அதற்குக் கீழ் சாப்பாட்டுக்கு முன், பின். காதுக்குக் கிளையே இல்லை. இல்லாததற்குச் செலவும் இல்லை. நோட்டில் பத்தில் ஒன்பது கட்டத்தைக் காலியாக வைத்துத் தோற்றேனே, அந்தக் காலியை அடியோடு ஒழித்துவிட்டார்கள்.

கிளைகள் தாமாகவே வரிசைப்பட்டு நிற்கும். இருபத்தேழுக்கு அடுத்து யார் என்று கேட்க 'ஆர்டர்' என்றொரு சார்பு. அது நேராக முப்பத்தொன்று என்று காட்டும். தபால்காரர் நடக்கிற மாதிரியே நடக்கும். எனக்கு இன்னும் பிடித்தது 'டேட்டா' என்ற சார்பு. ஒரு முகவரியைக் கொடுத்து அங்கே ஏதாவது இருக்கிறதா என்றால் நான்கே பதில். வீடே இல்லையென்றால் 0. வீட்டுக்காரர் மட்டும் இருந்தால் 1. வீட்டுக்காரர் இல்லை, ஆனால் மாடியில் குடித்தனம் இருந்தால் 10. இருவரும் இருந்தால் 11. ஒரு மருத்துவருக்குத் தேவையான வேறுபாடு இது. சர்க்கரை பார்க்கவே இல்லை என்பது ஒன்று. சர்க்கரை என்ற தலைப்பில் முடிவாக எதையும் எழுதவில்லை, ஆனால் அதன் கீழ் பரிசோதனைகள் கிடக்கின்றன என்பது வேறொன்று. காலிக் கட்டம் இரண்டையும் ஒரே வெள்ளையாகக் காட்டும்.

உலகம் கட்டங்களின் பக்கம் போனது பிறகுதான். எட்கர் காட் என்பவர் 1970இல் தரவை அட்டவணைகளாக வைக்கும் கணித முறையை வெளியிட்டார். அழகான முறை, வங்கிக்கும் ரயில் முன்பதிவுக்கும் கச்சிதம். ஒவ்வொரு கணக்கும் ஒரே மாதிரி, ஒவ்வொரு டிக்கெட்டும் ஒரே மாதிரி. அடுத்த முப்பது ஆண்டு தரவுத்தளம் என்றாலே அட்டவணை என்று பாடம் நடந்தது. மம்ப்ஸைப் பழங்காலத்துப் பொருள் என்றார்கள். அப்புறம் இணையம் பெருத்து, ஆளுக்கு ஒரு மாதிரியான தரவு வந்து குவிந்ததும், 2009 வாக்கில் அட்டவணை இல்லாத தரவுத்தளங்களுக்குப் புதுப்பெயர் சூட்டிக் கொண்டாடினார்கள். மருத்துவமனையின் நிலவறையில் அந்தப் பொருள் நாற்பது ஆண்டாக ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு குணம்: மம்ப்ஸுக்கு எல்லாமே எழுத்துச் சரம். எண் என்று தனி வகை இல்லை. "38.5 டிகிரி" என்பதோடு ஒன்றைக் கூட்டச் சொன்னால் முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் பொறுக்கி 39.5 என்று தரும். "காய்ச்சல்" என்ற சொல்லோடு ஒன்றைக் கூட்டினால் 1. எண்ணும் சொல்லும் கலந்து எழுதும் மருத்துவரின் கைக்கு இது தோது. ஆனால் நூறு என்று அடிக்கப்போய், நடுப் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' விழுந்துவிட்டால், முணுமுணுக்காமல் 1 என்று எடுத்துக்கொள்ளும். கண்டிப்பான மொழியாக இருந்தால் அங்கேயே கத்தியிருக்கும். 'கில்' என்பதன் சுருக்கமான 'கே'யைத் தட்டி ^நோயாளி என்று மட்டும் எழுதி எண்டரை அழுத்தினால், மரம் வேரோடு போய்விடும். நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காது. இந்த மொழியை நான் மெச்சுவதைப் பார்த்து யாரும் இதில் நிரல் எழுதக் கிளம்பவேண்டாம்.

தேதிக் கணக்குக்கு ஒரு தனிக் கதை. மம்ப்ஸில் தேதி என்பது ஒரே ஓர் எண். 1840 டிசம்பர் 31இலிருந்து எத்தனையாவது நாள் என்பது. 1841 ஜனவரி 1க்கு எண் 1. நாம் சுதந்திரம் வாங்கிய நாளுக்கு 38942. ஏன் 1840? அதே மருத்துவமனையில் 1969இல் வேதியியல் ஆய்வகத்துக்கு நிரல் எழுதிய ஜேம்ஸ் பாய்ட்ராஸ் பிற்பாடு காரணம் சொன்னார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கிழவர் ஒருவர், 121 வயதானவர் என்று எங்கோ படித்த ஞாபகம் அவருக்கு. உயிரோடு மருத்துவமனைக்கு வரக்கூடிய மிக மூத்த மனிதர் பிறந்த நாளும் கணக்குக்குள் அடங்கவேண்டும். 1840களின் தொடக்கம் என்றால் பாதுகாப்பு. நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் என்ற சுழற்சி ஒழுங்காக வரட்டும் என்று 1841ஐ முதல் ஆண்டாக வைத்தார். கிழவர் வரவே இல்லை. அவருக்காக இழுத்துப் போட்ட நாற்காலி மட்டும் லட்சக்கணக்கான கோப்புகளில் இன்னும் கிடக்கிறது.

இதைப் படித்தபோது என் பாட்டி நினைவுதான் வந்தது. அவளிடம் வயது கேட்டால் எண் சொல்லமாட்டாள். காவிரியில் பெருவெள்ளம் வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தேன் என்பாள். அது 1924. அவளுடைய அப்பா தாது வருஷத்துப் பஞ்சத்தில் பிறந்தவர். அது 1876. ஆனால் தாது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1936இலும் தாது, 1996இலும் தாது. அறுபது பெயரைச் சுற்றிச் சுற்றி வைத்தால், பெயரை மட்டும் எழுதியவருக்கு எந்தச் சுற்று என்பது காணாமல்போகும். ஆண்டுக்குக் கடைசி இரண்டு இலக்கம் போதும் என்று எழுதிவிட்டு 1999இல் உலகம் நடுங்கியதே, அதே கோளாறுதான், நம்மிடம் அழகான பெயர்களோடு இருந்தது. நாளை எண்ணிக்கொண்டே போனால் சுற்று என்ற பிரச்சினையே இல்லை; வயது வேண்டுமென்றால் ஒரு கழித்தல்.

மொழி பரவிய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பப்பலார்டோ 1969இல் வெளியே வந்து மெடிடெக் நிறுவனத்தைத் தொடங்கினார், மார்பிளும் சேர்ந்துகொண்டார். ஆளுக்கு ஒரு வட்டார வழக்கு முளைத்துக் குழம்பியதால், 1977இல் அமெரிக்கத் தர நிறுவனம் பொது இலக்கணம் வகுத்தது. 1979இல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜூடி ஃபாக்னர் ஒரு நிலவறையில் தொடங்கிய சின்னக் கடைதான் இன்றைய எபிக். பெயர் கொஞ்சம் கூச்சமாக இருந்தது போலும். பின்னாளில் பலர் வெறும் 'எம்' என்றே சொல்லத் தொடங்கினார்கள்.

ஆனால் சுவையான கிளை, முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவமனைகள். 1970களின் கடைசியில் அங்கே சில மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் நிரலாளர்களும் தங்கள் தங்கள் ஊரிலேயே மம்ப்ஸில் வேலைக்கான நிரல்களை எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். தலைமையகத்தின் கணினித் துறைக்கு இது பிடிக்கவில்லை. நிறுத்தப் பார்த்தார்கள், சிலர் வேலை இழந்தார்கள். இவர்கள் தங்களுக்குள் 'ஹார்ட்ஹேட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு மறைவாகத் தொடர்ந்தார்கள். 1982இல் அரசே வழிக்கு வந்து அதை அதிகாரபூர்வ அமைப்பாக ஏற்றது. பின்னாளில் அதற்கு விஸ்டா என்று பெயர். 150க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அதில் ஓடின. மக்கள் வரிப்பணத்தில் எழுதியதால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஜோர்டான் நாடு எடுத்துக்கொண்டது. டெல்லியில் மேக்ஸ் மருத்துவமனைக் குழுமமும் எடுத்துப் பயன்படுத்தியது. படைவீரர் மருத்துவமனைகளில் விஸ்டாவை மாற்றிப் புதியது வைக்க 2018இல் பெரிய ஒப்பந்தம் போட்டார்கள்; மாற்றுவது எளிதாக இல்லை என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. விஸ்டாவின் தம்பி ஒன்றை 'இந்தியன் ஹெல்த் சர்வீஸ்' என்ற அமைப்பு பயன்படுத்துகிறது. பெயரைப் பார்த்து நானும் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கான சேவை. கொலம்பஸ் செய்த குழப்பம் தரவுத்தளம் வரைக்கும் வந்திருக்கிறது.

நம் பக்கத்தில் 2021இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் வந்து, ஆளுக்கு 14 இலக்க எண் கொடுக்கிறது. அம்மாவுக்கும் வாங்கிவிட்டோம். எண் வந்தது, பை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. போன மாதம் புத்தூர் பக்கம் ஒரு மருத்துவரிடம் போனபோதும் முதல் கேள்வி, "பழைய சீட்டெல்லாம் கொண்டுவந்திருக்கீங்களா?"

இந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், வேனுக்காக வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் உட்காரும் தளத்தில் செல்போன் கிடையாது, பேனா, காகிதம் கிடையாது. நோயாளி பெயர் வெளியே கசியக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். ஆகவே எதையும் காட்டு என்று நான் கேட்கவில்லை. குறியீடுகளைப் பற்றி மட்டும் கேட்டேன். நோய்க் குறியீட்டுப் பட்டியலும் ஒரு மரம்தான் என்பதை அவளே கையால் வரைந்து காட்டினாள்.

"ஈ11 அப்படின்னா டைப் டூ சர்க்கரை, மாமா. அதோட நிறுத்தக்கூடாது. புள்ளி 9ன்னா சிக்கல் ஒண்ணும் இல்லை. புள்ளி 65ன்னா சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. கடைசிக் கிளை வரைக்கும் இறங்கிப் போகணும். பாதியில நின்னா ஆடிட்ல புடிச்சுருவாங்க."

"நீ தினமும் தட்டுற எபிக்குக்கு அடியில மம்ப்ஸ்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

வேன் திருப்பத்தில் தெரிந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தெரியுமே. பி26. வேற சிக்கல் இல்லாட்டி புள்ளி 9. இப்ப யாருக்கு மாமா வந்திருக்கு?"